கப்புச்சின் துறவியரும் சாதிக் கேள்வியும்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் கப்புச்சின் துறவியருக்கும் இயேசு சபையாருக்கும், தமிழ்க் கிறித்தவர் கைக்கொண்ட உள்ளூர்ப் பழக்கங்களைப் பற்றி, நடந்த ‘மலபார் சடங்கு’ வழக்கைப் படிப்பவருக்கு ஒரு முடிவு சட்டென்று தோன்றிவிடும்: இயேசு சபையார் சாதிக்கு இடங்கொடுத்தார்கள், கப்புச்சின்கள் எதிர்த்தார்கள். விழுப்புரம், திண்டிவனம் பகுதிக் கத்தோலிக்கப் பங்குகளின் வரலாற்றுக்கு இந்த முடிவு உதவாது. கப்புச்சின்கள் எழுப்பிய கேள்வி சாதியைத் தொட்டது உண்மை. ஆனால் அது சாதியிலிருந்து பிறந்த கேள்வி அன்று.

அசிசி நகரப் பிரான்சிஸ் 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிய துறவற சபைக்கும் தமிழகத்துக்கும் உறவு பழையது. அச்சபைத் துறவி மொந்தேகொர்வினோ யோவான் சீனம் செல்லும் வழியில், 1290களின் தொடக்கத்தில், மயிலாப்பூர்ப் பகுதியில் 13 மாதம் தங்கி நூறு பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதுகிறார். அந்த முயற்சி தொடரவில்லை. அதே சபையிலிருந்து கடுமையான ஏழ்மையை நாடிப் பிரிந்து, 1528இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றவர்களே கப்புச்சின்கள். பிரெஞ்சுக்காரர்களோடு அவர்கள் புதுச்சேரியில் வேரூன்றினார்கள். தூய தேவதைகளின் அன்னை ஆலயத்தை ஊரார் ‘கப்ஸ் கோயில்’ என்று சொல்வது அவர்கள் விட்டுச்சென்ற தடம்.

பகைக்கு விதை 1699இல் விழுந்தது. புதுச்சேரித் தமிழ்க் கிறித்தவர்களின் பங்கை மயிலாப்பூர் ஆயர் கஸ்பார் அல்போன்சோ இயேசு சபையாரிடம் ஒப்படைத்தார். ஆயரே இயேசு சபையைச் சேர்ந்தவர். கப்புச்சின்களுக்கு ஐரோப்பியர் பங்கு மட்டும் மிஞ்சியது. அதன் பிறகே சடங்குகள் பற்றிய முறையீடு உரோமையை எட்டி வலுப்பெறுகிறது. இந்த வரிசையைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

1703 நவம்பரில் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், நோயுற்று நகரத்திலேயே தங்கி, 1704இல் தமது ஆணையை வெளியிட்டார். அது தடுத்தவற்றைப் பாருங்கள்: பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, பெண் பூப்பெய்துகையில் நடத்தும் சடங்கு, திருமுழுக்கில் உமிழ்நீர் தொடுவதை விட்டுவிடுவது, கோயில் திருவிழாவில் கிறித்தவர் மேளம் வாசிப்பது. இவற்றோடு ஒன்றாக, நோயுற்ற பறையர் கிறித்தவரின் குடிசைக்குள் குரு நுழைந்து அவஸ்தைபூசுதல் முதலியவற்றைத் தர வேண்டும் என்ற கட்டளையும் வருகிறது. நமக்கு இது தனித்து நிற்க வேண்டிய நீதிப் பிரச்சினை. அன்றைய ஆவணத்திலோ தாலிக்கும் மேளத்துக்கும் நடுவே, வழிபாட்டு ஒழுங்கு மீறலில் ஒன்றாக அமர்ந்திருக்கிறது. சாவுப்படுக்கையில் கிடந்தவரின் பார்வையில் அதன் பொருள் வேறாக இருந்திருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

1744இல் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்தபோது, பறையர்களுக்கெனத் தனி மறைப்பணியாளர்களை அமர்த்த இயேசு சபையார் முன்வைத்த திட்டத்தை ஏற்றார். தடையில் தொடங்கியது தனிப் பிரிவில் முடிந்தது! மறு ஆண்டு அக்டோபரில் நடந்த ஒன்றைப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிகிறார். இயேசு சபையாரின் சம்பா கோவிலுக்குள் பறையர் கிறித்தவரைப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர் தூண்ட, அவர்கள் திரண்டு சென்று முறையிட்டார்கள். இயேசு சபையாரின் பெரிய சாமியார் சுவரை இடிக்கச் செய்தார். இடித்தது கப்புச்சின்கள் அல்லர். உரோமை ஆணையைக் காட்டிலும், திரண்டு நின்ற மக்களே அன்று அந்தச் சுவரை அசைத்தார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களுக்கு இந்த வழக்கு எப்படி வந்து சேர்ந்தது? நகரத்து ஐரோப்பியர் பங்கோடு நின்றுவிட்டதால், கப்புச்சின்கள் கிராமத்தில் தங்கள் கொள்கையைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. உள்நாட்டுக்குச் சென்றது இயேசு சபையாரின் கர்நாடக மிஷன். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின், 1776இல் பாரீஸ் வேதபோதக சபையார் பொறுப்பேற்றனர்; இன்று இப்பகுதி புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டத்தில் இருக்கிறது. அதே மறைமாவட்டத்தில், அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில் 2008 மார்ச் 9 அன்று காவல்துறை சுட்டு இருவர் இறந்தனர். அங்கே தனிப் பங்கைக் கேட்டவர்கள் ஒடுக்கப்பட்டவர்களே. 1744இல் மேலிருந்து வகுத்த பிரிவையும் அவர்கள் கேட்ட பிரிவையும் ஒன்றெனக் கொண்டால், கப்புச்சின், இயேசு சபை வழக்கின் சொற்களுக்குள்ளேயே நாமும் சிக்கிக்கொள்வோம். அந்த வழக்கை நடத்தியவர்கள் இரு சபைத் துறவியரே; பறையர் கிறித்தவர் அல்லர்.