கேசரிப் பருப்பும் நரம்பின் மொழியும்



கோடியக்கரைக் காட்டையும் உப்பளங்களையும் கடந்து, தை மாதத்தில் தஞ்சை நெல்வயல்களுக்குள் நுழைவோர் ஓர் அரிய வழக்கத்தைக் காணலாம். சம்பா அறுவடைக்குச் சில நாள் இருக்கும்போதே, கதிர் நிற்கும் ஈர மண்ணில் உழவர்கள் உளுந்தையும் பச்சைப் பயற்றையும் தெளித்துவிடுவர். நெல் அறுத்த பின் தாளிடையே பயறு தழைக்கும். அதற்கெனத் தனி உழவு இல்லை. எஞ்சிய ஈரமும் பனியுமே அதனை வளர்க்கும்.

இதே வழக்கம் மத்திய இந்தியாவின் நெல் நாடாகிய சத்தீசுகரிலும் உண்டு. 'உதேரா' என்பது அதன் பெயர். ஆனால், ஆங்குத் தெளிக்கும் விதைகளுள் ஒன்று கேசரிப் பருப்பு. வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் மடியாத பயிர் அது. ஆதலால் பஞ்ச காலத்தில் ஏழையின் கடைசி உணவாகவும் அதுவே நின்றது. நம் வயலின் பயறு உடலை வளர்க்க, அவ்வயலின் பருப்போ கால்களைப் பறித்தது.

1829 முதல் சாகர் வட்டாரத்தில் கோதுமை விளைச்சல் அடுத்தடுத்துப் பொய்த்தது. மக்கள் கேசரிப் பருப்பை உண்டு உயிர் தாங்கினர். 1833இல் இளையோர் பலர் இடுப்புக்குக் கீழே செயலிழந்ததை ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி எழுதி வைத்தார். பிற்காலத்தில் ரீவா பகுதியில் பண்ணையாட்களுக்குக் கூலியாக இப்பருப்பே அளக்கப்பட்டது. அதன் தீமையை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். உண்பதற்கு வேறொன்று இல்லாதவர்கள்.

தீமை எதனால் விளைந்தது? 1964இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா ஆகிய மூவரும் அப்பருப்பிலிருந்து நரம்பு நஞ்சொன்றைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் டில்லியில் மூர்த்தி, சேஷாத்ரி, வெங்கடசுப்பிரமணியன் ஆகியோரும் அதனைக் கண்டறிந்தனர். இன்று அதனைச் சுருக்கமாக 'ஓடாப்' என்பர். அதன் வடிவம் குளுட்டமேட்டு என்னும் பொருளை ஒத்தது.

அந்தக் குளுட்டமேட்டு யாது? மூளையின் உயிரணுக்கள் ஒன்றையொன்று தூண்டுவதற்கு வழங்கும் தலையாய சொல் அதுவே. கான்பராவில் கர்டிஸ், பிலிஸ், வாட்கின்ஸ் ஆகியோர் 1959ஆம் ஆண்டையொட்டிச் செய்த சோதனைகளில், தண்டுவட நரம்பணுக்களை அது கிளர்த்துவது புலப்பட்டது. கிளர்ச்சி மட்டும் இருந்தால் மூளை வலிப்பில் ஆழ்ந்துவிடும். ஆதலால் அடக்கும் உயிரணுக்களும் உள்ளன. அவை வழங்கும் 'காபா' என்ற பொருளை 1950இல் மூளையில் கண்டனர். வியப்பென்னவெனில், அந்தக் காபாவும் குளுட்டமேட்டிலிருந்தே ஆக்கப்படுகிறது. அடக்கும் உயிரணுவை எழுப்புவதும் குளுட்டமேட்டே. தூண்டுவோனுக்கும் தடுப்போனுக்கும் ஆணை ஒரே வாயிலிருந்து பிறக்கிறது. அவ்விரண்டின் சமநிலையே நலம்.

வாய்க்காலில் அளவோடு வரும் நீர் பயிரை வளர்க்கும். மதகு அடைபடாமல் பாய்ந்தால் அதே நீர் பயிரை அழுகச் செய்யும். குளுட்டமேட்டு தன் சொல்லைக் கூறிய உடனே அப்புறப்படுத்தப்படுகிறது. ஓடாப்போ அதன் ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு ஓயாது தூண்டுகிறது. மாதக்கணக்கில் அப்பருப்பையே முதன்மை உணவாகக் கொண்டோருக்கு, கால்களுக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் அம்மிகைத் தூண்டலால் நலிந்து மடிகின்றன. அறிவு மங்குவதில்லை, கால்கள் விறைத்துவிடுகின்றன. மடிந்த அணுக்கள் மீள்வதில்லை.

1961இல் கேசரிப் பருப்பின் விற்பனையை விலக்கும் விதி வந்தது. எனினும் எல்லா மாநிலங்களிலும் அது ஒன்றுபோல் நடைமுறைக்கு வரவில்லை. நிறைந்த நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் நஞ்சின் பெரும்பகுதி நீங்கும். நஞ்சு குறைந்த வகைகளையும் வேளாண் அறிஞர்கள் உருவாக்கியுள்ளனர். ஆயினும், நீரும் விறகும் அரிதாகிய பஞ்ச காலத்தில் வடித்துக் கொட்டும் வசதி யாருக்கு உண்டு? ஆய்வுக்கூடம் நஞ்சின் பெயரை நமக்கு அறிவித்தது. ஏழையின் பானையில் அப்பருப்போடு இன்னொரு தானியமும் விழச் செய்வது நாட்டின் கடமையாகும்.