பதிவேடும் புகாரும்: மருத்துவக் கவுன்சில்களில் நோயாளியின் இடம்

சென்னை மாகாணத்தில் மருத்துவர்களுக்கென ஒரு கவுன்சிலை உண்டாக்கிய 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் ‘மருத்துவப் பதிவுச் சட்டம்’. இன்றைய தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் வேர் அங்கே இருக்கிறது. யார் பெயர் ஏட்டில் இருக்கலாம், யார் பெயரை அடிக்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் முதல் வேலை. நோயாளியின் குறையைக் கேட்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடம் இன்றுவரை உறுதிப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சென்னைச் சட்டத்துக்கு முன்மாதிரி பிரிட்டனின் 1858ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம். தகுதி பெற்ற மருத்துவர் யார், பெறாதவர் யார் என்று மக்கள் பிரித்தறிவதற்காக அது ஒரு பொதுப் பதிவேட்டை ஏற்படுத்தியது. தொழிலில் ‘இழிநடத்தை’ உள்ளவர் என்று கண்டால் பெயரை நீக்கும் அதிகாரமும் அதில் இருந்தது. எது இழிநடத்தை? இதற்கு விடை தந்தது தாமஸ் அலின்சன் வழக்கு. மருந்துகளைக் குறை கூறி, முழுக்கோதுமை ரொட்டியைப் பரிந்துரைத்து எழுதிவந்த மருத்துவர் அவர். தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டார், சக மருத்துவர்களைத் தாழ்த்திப் பேசினார் என்று 1892இல் அவர் பெயர் நீக்கப்பட்டது. 1894இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ஏற்றது. நற்பெயரும் திறமையும் உள்ள சக மருத்துவர்கள் எதை இழிவென்று கருதுவார்களோ அதுவே இழிநடத்தை என்று அளவுகோலையும் வகுத்தது. அந்த வழக்கின் மையத்தில் இருந்தது தொழிலின் மானம். எந்த நோயாளியின் பாதிப்பும் அல்ல. இந்த அளவுகோல்தான் கப்பலேறி இங்கே வந்தது.

1933இலும் பிறகு 1956இலும் அகில இந்தியச் சட்டங்கள் வந்தபோதும் ஒழுங்கு நடவடிக்கையின் சுமை மாநிலக் கவுன்சில்களிடமே தங்கியது. திருப்பம் வேறொரு வாசல் வழியாக வந்தது. மருத்துவ சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின்படி ‘சேவை’ ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் கூறியிருந்தது. 1995 நவம்பரில் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை சேவையே என்றது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடங்கள் மட்டும் அதற்கு வெளியே நின்றன. ஆகவே காசு கொடுத்தவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போய் இழப்பீடு கேட்கலாம். இலவச மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவருக்கு, செலவில்லாமல் அணுகக்கூடிய இடம் பெரும்பாலும் கவுன்சில்தான். அதனால்தான் அதன் நடைமுறையை நுணுகிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்றும் நடைமுறையில் இருப்பவை 2002ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க விதிமுறைகள். நோயாளி கேட்டால் சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. கேஸ் ஷீட்டுக்காக நடையாய் நடந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும். புகாரை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் விசாரணைப் பகுதியை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். நேரிலோ வழக்கறிஞர் மூலமோ தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு மருத்துவருக்கு வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு அப்படி எழுதப்படவில்லை. தொழில் திறமையின்மையைச் சக மருத்துவர் குழுவே தீர்மானிக்கும் என்ற விதியில் 1894இன் குரல் அப்படியே ஒலிக்கிறது. மருத்துவ நுட்பத்தை மருத்துவரே எடைபோட முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. எடைபோடுபவர்களோடு வெளியாள் ஒருவரும் உட்கார வேண்டும் என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் வசித்த மருத்துவர் குணால் சாஹாவின் மனைவி அனுராதா 1998இல் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, தவறான சிகிச்சைக்குப் பின் இறந்தார். சாஹா கொடுத்த புகாரை விசாரித்த மேற்கு வங்க மருத்துவக் கவுன்சில் மருத்துவர்கள் மேல் குற்றமில்லை என்றது. அதே நிகழ்வில் அலட்சியம் இருந்ததாக 2009இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது. 2013இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தது. மருத்துவரான கணவரே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது என்றால், மருத்துவம் படிக்காத குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கிடையே 2004இல் விதிமுறைகள் திருத்தப்பட்டன: மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளுக்குள் இந்திய மருத்துவக் கவுன்சிலிடம் மேல்முறையீடு செய்யலாம். அதில் நோயாளியும் அடக்கம்.

அந்த இந்தியக் கவுன்சிலின் ஒழுக்கக் குழு 1963 முதல் 2009 வரை தண்டித்த மருத்துவர்கள் 109 பேர் மட்டுமே என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2016இல் கவலையோடு பதிவுசெய்தது. கவுன்சில் கலைக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மருத்துவ ஆணையம் 2020 செப்டம்பரில் பொறுப்பேற்றது. புதிய சட்டத்தின் 30ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையை மருத்துவரின் பெயரால் மட்டுமே சொல்கிறது. நோயாளிகள் அனுப்பிய மேல்முறையீடுகளை ஆணையம் இதைக் காட்டித் திருப்பியனுப்பியது. 2023 ஆகஸ்ட் 2இல் வெளியான புதிய ஒழுக்க விதிமுறைகள் அதே மாதம் 23இல் நிறுத்திவைக்கப்பட்டதால், 2002இன் விதிமுறைகளே மீண்டும் நடப்புக்கு வந்தன. ஆக, 2004இல் சேர்த்த மேல்முறையீட்டு வரி விதிமுறையில் அழியாமல் இருக்கிறது; அந்த மேல்முறையீட்டைப் பெற வேண்டிய கவுன்சில்தான் இல்லை.