கசாபியாங்கா: ஒரு குடும்பப் பெயரின் வரலாறு

‘கசாபியாங்கா’ என்னும் பெயரை நம்முள் பலர் பள்ளிப் பருவத்து ஆங்கிலப் பாடநூல் வழியாகவே அறிந்தோம். எரியும் கப்பலின் மேல்தளத்தில், தந்தையின் சொல்லுக்காகக் காத்து நின்று மடிந்த சிறுவனின் பெயராகவே அது நம் நெஞ்சில் பதிந்துள்ளது. ஆயின், அஃது அவனுக்கு மட்டும் உரிய பெயரன்று, குடும்பப் பெயர். பிரான்சுக்கு உட்பட்ட கோர்சிகாத் தீவில் வழங்குவது. ‘வெள்ளை வீடு’ எனப் பொருள்படுவது.

வரலாறு அறிந்த கசாபியாங்கா, தந்தையே. 1762-இல் பிறந்த லூக் கசாபியாங்கா, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தேசியப் பேரவையில் கோர்சிகாவின் உறுப்பினராக இருந்தவர். பின்னர் ‘லோரியான்’ என்னும் பெரும் போர்க்கப்பலின் தலைவரானார். நெப்போலியனை எகிப்துக்கு ஏற்றிச் சென்ற கப்பல் அதுவே. 1798 ஆகஸ்டு 1 மாலையில், அபூகீர் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த பிரெஞ்சுக் கடற்படையை நெல்சன் தாக்கினார். கடற்படைத் தளபதி புரூயே வீழ்ந்தார். கப்பலில் தீ மூண்டது. இரவு பத்து மணியளவில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. கசாபியாங்காவும் உடன் சென்ற இளமகனும் மாண்டனர். அவர்தம் இறுதிக் கணங்களைப் பற்றிய கூற்றுகள் ஒன்றோடொன்று ஒவ்வா. படுகாயமுற்ற தந்தையைப் பிரிய மகன் மறுத்தான் என்பது அவற்றுள் ஒன்று.

இந்நிகழ்ச்சியை 1826-இல் கவிதையாக்கியவர் பெலீசியா ஹெமன்ஸ். வென்ற நாட்டுக் கவிஞர், தோற்ற பகைவனின் மகனுக்காக இரங்கினார் என்பது முதற்கண் எண்ணத்தக்கது. கப்பல் தலைவரை அவர் கடற்படைத் தளபதி என்று குறித்தது வரலாற்றுப் பிழை. தந்தையைக் கீழ்த்தளத்தில் உணர்விழக்கச் செய்து, மகனைத் தனியே நிறுத்தியதோ கவிதையின் உயிர். புறநானூற்று 279-ஆம் பாடலில், ஒரே மகனின் கையில் வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பும் தாயைக் காண்கிறோம். அங்கே ஏவுவதற்கு ஒருவர் உளர். இங்கோ, அழைப்புக்கு மறுமொழியே இல்லை. 1818-இல் கணவர் பிரிந்து சென்றபின் ஐந்து ஆண்மக்களை வளர்த்தவர் ஹெமன்ஸ் என்பதை நினைந்தால், அம்மௌனம் நமக்கு வேறு வகையில் ஒலிக்கும். கீழ்ப்படிதலின் புகழ்ச்சியாகவே வகுப்பறைகள் இக்கவிதையைக் கற்பித்தன. கீழ்ப்படிதலுக்கு ஒரு குழந்தை கொடுத்த விலையைக் கூறுவதாகவே நான் இதனைப் படிக்கிறேன்.

பிரெஞ்சுக் கடற்படை இப்பெயரைத் தன் கலங்களுக்குச் சூட்டியது. அவற்றுள் 1935-இல் நீரில் இறக்கப்பட்ட நீர்மூழ்கி தனிச் சிறப்புடையது. 1942 நவம்பர் 27-இல் செருமானியர் தூலோன் துறைமுகத்துள் புகுந்தபோது, அங்கிருந்த பிரெஞ்சுக் கப்பல்கள் மேலிடத்து ஆணைப்படி தம்மைத் தாமே மூழ்கடித்துக்கொண்டன. லெர்மினியே தலைமையிலான ‘கசாபியாங்கா’ அவ்வாறு செய்யவில்லை. தாக்குதலுக்கிடையே கடலுக்குள் பாய்ந்து அல்சியர்சை அடைந்தது. அதன்பின் கோர்சிகாவின் விடுதலை வீரர்க்குப் படைக்கலம் கொண்டு சேர்த்தது. 1943 செப்டம்பரில் 109 வீரர்களை அத்தீவின் அசாக்சியோவில் இறக்கியது.

ஆணைக்காகக் காத்து நின்று அழிந்தவனை இலக்கியம் இப்பெயரால் போற்றியது. ஆணையை மீறி அகன்று, பெயர் பிறந்த தீவின் விடுதலைக்கே துணைநின்ற கலத்தை வரலாறு இப்பெயரால் போற்றுகிறது. இரண்டும் வீரமே. எனினும், அச்சிறுவனுக்கே உரிய பெயர் கவிதையிலும் இல்லை, கலத்திலும் இல்லை. தந்தையின் பெயருக்குள் அவன் இன்றும் காத்து நிற்கிறான்.