கேம் கியர் மாற்றினால் கார் பவர் கூடுமா? 2 டிகிரியில் நடப்பது என்ன? முழு விவரம்

பழைய ஹோண்டா கார்களின் பானெட்டைத் திறந்தால், சிவப்பு, நீலம், ஊதா எனப் பளபளக்கும் இரண்டு பல்சக்கரங்களைச் சில நேரம் பார்க்கலாம். "கேம் கியர் போட்டிருக்கு, இனி பறக்கும்" என்று ஓனர் பெருமையாகச் சொல்வார். உண்மையில் அந்தச் சக்கரத்தை மாட்டியதால் மட்டும் ஒரு குதிரைத்திறன்கூட ஏறாது. அதை எவ்வளவு திருப்பி வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தப்பாகத் திருப்பினால் இன்ஜினே காலி.

கேம் கியர் என்ன செய்கிறது?

இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் நுழையவும், எரிந்த புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூட வேண்டும். அந்த வேலையைச் செய்வது கேம் ஷாஃப்ட். பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். இரண்டையும் டைமிங் பெல்ட் இணைக்கிறது. 8,000 ஆர்பிஎம்-ல் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்குச் சுமார் 66 முறை திறந்து மூடுகிறது.

கம்பெனியில் இருந்து வரும் கேம் கியர் ஒரே துண்டு. கேம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துவிடும். அட்ஜஸ்டபிள் கேம் கியரோ இரண்டு துண்டு. பல் உள்ள வெளி வளையம் பெல்ட்டோடு நிற்கும், நடுப்பகுதி கேம் ஷாஃப்ட்டோடு நிற்கும். இடையில் உள்ள சிறிய போல்ட்டுகளைத் தளர்த்தினால், பெல்ட்டை அசைக்காமலேயே கேமை ஒன்றிரண்டு டிகிரி முன்னேயோ பின்னேயோ நகர்த்தலாம். முன்னே நகர்த்துவது அட்வான்ஸ், பின்னே நகர்த்துவது ரிடார்டு.

இரண்டு டிகிரியில் என்ன மாறிவிடும்?

பிஸ்டன் கீழே போய், திரும்ப மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் இன்டேக் வால்வு மூடுகிறது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது, உள்ளே வந்த காற்றில் கொஞ்சத்தை ஏறிவரும் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். வேகமாக ஓடும்போது காற்று வந்த வேகத்திலேயே தொடர்ந்து உள்ளே பாயும், அப்போது வால்வு தாமதமாக மூடினால்தான் லாபம். அதனால் இன்டேக் கேமை அட்வான்ஸ் செய்தால் கீழ் ஆர்பிஎம்-ல் இழுவை கூடும். ரிடார்டு செய்தால் மேல் ஆர்பிஎம்-ல் பவர் கூடும். ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் பெரும்பாலும் இறங்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற காருக்கும், ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடுகிற காருக்கும் ஒரே செட்டிங் சரிவராது என்பதற்குக் காரணம் இதுதான்.

இன்டேக்கை அட்வான்ஸ், எக்ஸாஸ்ட்டை ரிடார்டு என்று சேர்த்துத் திருப்பினால், இரண்டு வால்வும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் நேரம் நீளும். இதற்கு ஓவர்லேப் என்று பெயர். மேல் வேகத்தில் இது உதவலாம். ஆனால் ஐட்லிங்கில் இன்ஜின் தடுமாறும்.

பவருக்காக மட்டும் இதைப் போடுவதில்லை. ஹெட் கேஸ்கெட் போய், லேத் பட்டறையில் ஹெட்டுக்கு ஃபேசிங் போட்டால், ஹெட்டின் உயரம் கொஞ்சம் குறைகிறது. கேமுக்கும் கிராங்குக்கும் இடையிலான தூரமும் குறைந்து, கேம் தானாகவே சற்று ரிடார்டு ஆகிவிடும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அட்ஜஸ்டபிள் கியர்தான் சரியான கருவி. இந்தப் பயனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை!

எந்த கார்களுக்குப் பொருந்தும்?

உலகம் முழுக்க இதற்குப் பேர்போனது ஹோண்டாவின் பி-சீரிஸ் இன்ஜின். 1997-ல் ஜப்பானில் வந்த சிவிக் டைப் ஆர், 1.6 லிட்டர் பி16பி இன்ஜினில் இருந்து 8,200 ஆர்பிஎம்-ல் 185 பிஎஸ் பவர் எடுத்தது. இன்டேக்குக்கு ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு ஒன்று எனத் தனித்தனி கேம் இருப்பதால், இரண்டையும் தனித்தனியே திருப்ப முடியும்.

இந்தியாவில் ஓடிய பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக் காரில் ஒரே கேம்தான். அதில் கியரைத் திருப்பினால் இரண்டு வகை வால்வுகளும் சேர்ந்தே நகரும். ஓவர்லேப்பை மாற்ற முடியாது. இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களிலோ, ஓடும்போதே கம்ப்யூட்டர் கேமைத் திருப்பிக்கொள்கிறது. அந்தக் கார்களில் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பி-சீரிஸ் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வால்வு கவரையும் மேல் டைமிங் கவரையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரை டாப் டெட் சென்டருக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு கேம் கியரிலும் உள்ள கோடுகள் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும். பெரும்பாலான இன்ஜின்கள் கடிகார முள் திசையில் சுற்றும். பி-சீரிஸ் அதற்கு நேர் எதிர்த் திசையில் சுற்றும். இது தெரியாமல் அட்வான்ஸ் என்று நினைத்து ரிடார்டு செய்தவர்கள் நிறைய பேர்.

கேம் ஷாஃப்ட் நகராமல் இருக்க, முன்பக்க கேம் ஹோல்டரில் உள்ள துளைகளில் 5 மிமீ பின் செருகலாம். அந்தப் பின் இடத்தைப் பிடிப்பதற்கு மட்டுமே. அதை நம்பி போல்ட்டை முறுக்கக் கூடாது. டென்ஷனரைத் தளர்த்தி பெல்ட்டைக் கழற்றும்போது, கீழே கிராங்க் பக்கம் பெல்ட் ஒரு பல் தாண்டிவிடாமல் பார்க்க வேண்டும். புது கியர்களை முதலில் பூஜ்யத்தில் வைத்தே மாட்ட வேண்டும்.

பிறகு பின்களை எடுத்துவிட்டு, ஸ்பேனரால் கிராங்கை இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் ஐந்தாறு சுற்று சுற்றி, எல்லாக் கோடுகளும் திரும்ப நேராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாக இடித்தால் அப்படியே நிறுத்திவிட வேண்டும். பலம் கொடுத்துத் திருப்பினால் வால்வு வளையும். கடைசியில் கேம் கியர் மூன்று பல் நகரும் அளவுக்குச் சுற்றி, டென்ஷனர் போல்ட்டை இறுக்க வேண்டும். இன்டேக் கேமைத் திருப்பினால் இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்து நகரும் என்பதால், ஸ்பார்க் டைமிங்கைத் திரும்ப செட் செய்தே ஆக வேண்டும்.

டியூனிங் எப்படி?

காது கேட்டு, ரோட்டில் ஓட்டிப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. டைனோவில் கார் ஏற வேண்டும். பூஜ்யத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டி அடிப்படை அளவை எடுத்த பிறகு, ஒரு கேமை மட்டும் 2 டிகிரி நகர்த்தி மறுபடி ஓட்ட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்றே தெரியாது. உச்ச பவரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, முழு கோட்டையும் பார்க்க வேண்டும். காற்று-பெட்ரோல் விகிதமும் மாறும் என்பதால் அதையும் கூடவே கவனிக்க வேண்டும். சில பிராண்டு கியரில் உள்ள கோடு கேம் டிகிரி, சிலவற்றில் கிராங்க் டிகிரி. 2 கேம் டிகிரி என்பது 4 கிராங்க் டிகிரி. கியரோடு வரும் தாளைப் படிக்காமல் கைவைக்க வேண்டாம்.

ஸ்டாக் இன்ஜினில் கிடைப்பது பெரும்பாலும் சில குதிரைத்திறன்தான். பெரிய கேம், மாற்றிய பிஸ்டன் உள்ள இன்ஜினில்தான் கியருக்குச் செய்த செலவுக்கு அர்த்தம் இருக்கும். ஆபத்தும் அங்கேதான் அதிகம். இன்டேக்கை அட்வான்ஸ் செய்யச் செய்ய, எக்ஸாஸ்ட்டை ரிடார்டு செய்யச் செய்ய, வால்வு பிஸ்டனை நெருங்கும். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, ஹெட்டை மாட்டிக் கையால் சுற்றி, நசுங்கிய தடிமனை அளப்பது பழைய வழக்கம். இன்டேக் பக்கம் சுமார் 2 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மிமீ இடைவெளி இருக்க வேண்டும் என்பது இன்ஜின் கட்டுபவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு.

செட்டிங் முடிந்ததும், கியரில் உள்ள சிறிய போல்ட்டுகளுக்கு நீல நிற லாக்டைட் தடவி, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கி, பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கவரைத் திறந்து, அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டத்தில் அந்த போல்ட் நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ரோட்டில் ஓட்டும் காராக இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. ஓவர்லேப் கூடினால் ஐட்லிங்கில் எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறும். பெட்ரோல் காருக்கான மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையில் ஐட்லிங்கில் அளப்பது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான். டைனோவில் ஜெயித்த செட்டிங் இந்தச் சோதனையில் தோற்றுப்போகலாம்.