புகைமூட்டத்தில் புறப்பாடு: விமானியின் தீர்மானம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், போகிப் பண்டிகையின் விடியற்காலையில், தெருத்தோறும் கொளுத்திய பழம்பொருள்களின் புகையும் மார்கழிப் பனியும் ஒன்றாகத் திரண்டு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடிக்கொண்டதும், இறங்க வந்த விமானங்கள் வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டதும், புறப்பட வேண்டியவை தாமதப்பட்டு நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய காலைகளில் பிரயாணிகள் எழுப்பும் ஆட்சேபம் பெரும்பாலும் ஒன்றே: இறங்குவதுதான் கஷ்டம், ஏறிவிட்டால் மேலே வெயில்தானே, புறப்படுவதற்கு என்ன தடை? இந்த ஆட்சேபத்தில் பாதி நியாயம் உண்டு. அதனாலேயே அது ஆராய்ச்சிக்கு உரியதாகிறது. மங்கிய பார்வையில் புறப்படுவது பற்றிய தீர்மானம் பெரும்பகுதியும் நிற்பதையும் திரும்புவதையும் பற்றிய தீர்மானமே என்பதும், விதிநூல் குறிக்கும் பார்வைத் தூரத்தின் மீட்டர்க் கணக்கு வெறும் அனுமதி என்பதும் இக்கட்டுரையின் கொள்கை.

போகிப் புகை சாதாரண மூடுபனியினும் கொடிது. புகைத் துகள்கள் ஈரத்தைத் தம்பால் இழுத்துக்கொள்வன. ஆதலால் காற்றிலுள்ள அதே அளவு நீர் எண்ணிறந்த நுண்திவலைகளாகப் பிரிந்து ஒளியை மேலும் சிதறடிக்கிறது. தரையோரக் காற்று குளிர்ந்து கிடக்க, அதன்மேல் வெப்பமான அடுக்கு அமர்ந்து தடுப்பதால், வெயில் ஏறும் வரை புகை கலைய வழியில்லை. இதன் அடர்த்தியை அளப்பது ஓடுபாதையோரத்தில் நிறுத்திய கருவி. ஒரு கம்பத்திலிருந்து மற்றொன்றுக்கு ஒளிக்கற்றையை அனுப்பி, வழியில் அது எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, பாதை விளக்குகளின் பிரகாசத்தையும் கணக்கிற் சேர்த்து, விமானிக்கு எத்தனை மீட்டர் தெரியும் என்று மதிப்பிடும் 'திருஷ்டி' என்னும் கருவி பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஆக்கம்.

இனி அந்தப் பாதி நியாயத்துக்கு வருவோம். முதல் வகை இறங்குகருவி மட்டுமே உள்ள பாதையில் இறங்குவதற்கு 550 மீட்டர் தெரிய வேண்டும். புறப்படுவதற்கோ, நடுக்கோட்டு விளக்குகளும் உரிய ஏற்பாடுகளும் விமானிக்குத் தனிப் பயிற்சியும் அமைந்துவிட்டால், தில்லி போன்ற நிலையத்தில் 125 மீட்டரே போதும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் ஒரு விசித்திரமான நிலை தோன்றுகிறது: போகலாம், ஆனால் புறப்பட்ட இடத்துக்கே மீண்டும் வந்து இறங்கலாகாது. ஏறிய மறுகணமே ஓர் எஞ்சின் பழுதானால் என் செய்வது? இதற்காகவே, இரட்டை எஞ்சின் விமானம் ஒற்றை எஞ்சினோடு ஒரு மணி நேரத்திற்குள் அடையத்தக்க மாற்று நிலையம் ஒன்றைப் புறப்படுமுன்பே குறித்துக்கொள்ள வேண்டுமென்று விதி வற்புறுத்துகிறது. சென்னைக்குப் பெங்களூர் அண்மையது. அங்கும் அதே மாதங்களின் விடியலில் மூடுபனி இறங்குவது வழக்கம். ஆகவே மீனம்பாக்கத்தில் நிற்பவருடைய தீர்மானம் அயல் ராஜ்யத்து வானத்தையும் பொறுத்திருக்கிறது. இது ஜன்னலோரம் அமர்ந்து முணுமுணுக்கும் பிரயாணிக்குத் தெரிய நியாயமில்லை.

பாதையின் முனையில் நிகழ்வதைச் சற்று அணுகிப் பார்ப்போம். இத்தகைய புறப்பாட்டைத் துணை விமானியிடம் விடாமல் தலைமை விமானியே ஏற்றுக்கொள்கிறார். எதிரே தெரியும் நடுக்கோட்டு விளக்குகளை அவர் எண்ணுகிறார். 15 மீட்டருக்கு ஒன்றாகப் பதித்தவையாயின், பத்து விளக்கு ஏறத்தாழ 150 மீட்டர். துணை விமானியின் கண் வேகமானியில் நிலைத்திருக்கும். 'வி-1' என்னும் வேகம் வரையில் தலைமை விமானியின் கை எஞ்சின் விசையை விட்டு அகலாது. அதற்குள் பெருங்கோளாறு தோன்றினால் நிறுத்த வேண்டும், கடந்தபின் தோன்றினால் ஏறியே தீர வேண்டும். நிறுத்துகையில் பாதை எவ்வளவு மிச்சம் என்பதை, கடைசி 900 மீட்டரில் வெண்மையும் சிவப்புமாக மாறிவந்து இறுதி 300 மீட்டரில் முழுச் சிவப்பாகிவிடும் அந்த விளக்குகளே அவருக்குச் சொல்லும். எங்கள் சேவூரில் பட்டுப் பாவைத் தெருவில் நீட்டி வேலை செய்யும் நெசவாளர், தூறல் விழுந்தால் பாவைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்கு ஏறிவிடலாம். காரியத்தின் நடுவிலும் அவருக்குப் பின்வாங்க இடமுண்டு. விமானிக்கோ அந்த இடம் சுமார் அரை நிமிஷத்தில் அற்றுப்போகிறது. யோசனை முழுவதும் சக்கரம் உருளுமுன்பே முடிந்திருக்க வேண்டும்.

அவ்வாறு முடியாதபோது விளைந்ததைச் சரித்திரம் காட்டுகிறது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், பாதைமேல் மேகம் தவழ்ந்திருக்க, கே.எல்.எம். விமானம் அனுமதி பெறுமுன்பே ஓடத் தொடங்கி, அதே பாதையிலிருந்த பான் ஆம் விமானத்தின்மீது மோதியதில் 583 பேர் மாண்டனர். வேலை நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது, கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானியோ பிறருக்குப் பயிற்சியளிக்கும் பெரியவர். பான் ஆம் விலகிவிட்டதா என்று எஞ்சின் பொறியாளர் எழுப்பிய ஐயம் அவருடைய ஒரு பதிலில் அடங்கிப்போயிற்று. 2000 அக்டோபர் 31 இரவு தைப்பேயில், புயல்மழையினூடே, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் வேலைக்காக அடைத்திருந்த பக்கத்துப் பாதையில் ஓடி, 179 பேரில் 83 பேரைப் பலிகொடுத்தது. கருவியொன்று நேர்ப்படாததை விமானியறையில் கவனித்தும், பாதைதான் கண்ணுக்குத் தெரிகிறதே என்று விட்டுவிட்டார்கள். விளக்கு தெரிந்தது, எந்தப் பாதையின் விளக்கு என்பது தெரியவில்லை. மீட்டர்க் கணக்கு இங்கே யாரைக் காத்தது? காப்பாற்றியிருக்கக் கூடியது, ஐயத்தை வாய்விட்டுச் சொல்லும் துணிவும், சொன்னவர் இளையவராயினும் கேட்டு நிற்கும் பக்குவமுமே. டெனரீஃபுக்குப் பின் உலகெங்கும் விமானிகளுக்கு இதுவே ஒரு பாடமாகப் புகட்டப்படுகிறது. மூத்தோர் சொல்லை மறுப்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட நம்மவர்க்கு அப்பயிற்சி மிகவும் அவசியம் என்பது என் துணிபு.

உயர்வகை இறங்குகருவிகளை நிறுவிவிட்டால் தொல்லை தீரும் என்பார் உளர். அவை திரும்பும் வழியைத் திறந்துவைக்கும் என்பது மெய்யே. ஆயினும் போவதா நிற்பதா என்பதை அவை தீர்மானிப்பதில்லை. புகையையே குறைக்கும் பொருட்டு, போகிக்கு முன்பே விமான நிலையத்தாரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரும் டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்க வேண்டாமென்று சுற்றுவட்டாரத்து ஜனங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். அவ்வேண்டுகோளை ஜனங்கள் மதிக்க வேண்டும். போகியன்று முதல் விமானத்திற்குச் சீட்டெடுத்த அன்பர்களும், புறப்பாட்டை முற்பகலுக்கு மாற்றி நிறுவனம் செய்தி அனுப்பினால், தகராறு செய்யாது ஏற்றுக்கொள்வார்களாக.