சான்றுக்குப் பின்னால் வரும் பணம்: திருவள்ளூரில் இருளர் பெண்களும் திருநங்கையரும் அரசு நிதியும்

1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதல் பகுதி, பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று ஆங்கில ஆட்சி முடிவு கட்டிய சமூகங்களைப் பற்றியது. இரண்டாம் பகுதி, ‘யூனக்’ என்று அந்த ஆட்சி அழைத்தவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் சொத்தையும் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. தொடக்கத்தில் வட மாகாணங்களில் மட்டுமே செயல்பட்ட இச்சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது இரண்டாம் பகுதி கைவிடப்பட்டுவிட்டது. இங்கே அதன் சுமையைத் தாங்கியவர்கள் கள்ளரும் குறவரும். ஆகவே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து இருளரின் கதையையோ திருநங்கையரின் கதையையோ அச்சட்டத்திலிருந்து நேராக இழுத்து வர முடியாது. ஆயினும் பழங்குடியையும் பால் மாறியவரையும் அரசு ஒரே சட்ட நூலுக்குள் முதன்முதலில் சந்தித்தது காவல்துறைப் பதிவேட்டில்தான், நல வாரியத்தில் அல்ல. பின்னர் வந்த நிதியும் ஏதோ ஒரு பதிவின் வழியாகவே வந்திருக்கிறது. இக்கட்டுரை அந்தப் பதிவுகளைத் தொடர்ந்து செல்கிறது.

திருவள்ளூர் மாவட்டம் 1997இல் செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தைப் பிரித்து உருவானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் 37.28 லட்சம் பேரில் பட்டியல் பழங்குடியினர் 1.27 விழுக்காடு. மலை மாவட்டம் அல்லாத ஓரிடத்தில் இது சிறிய எண் அன்று. இவர்களில் பெரும்பாலோர் இருளர். பழவேற்காடு ஏரியோரம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருத்தணி என்று சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழ்கிறார்கள். ஏரியில் ‘பாடு’ முறை உண்டு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடலாம் என்பதை மீனவச் சமூகங்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது. இருளருக்கு அதில் இடமில்லை. அதனால் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் அனல் மின்நிலையங்களும் துறைமுகங்களும் வந்த பிறகு அந்தச் சேறும் முன்போல இல்லை. எஞ்சிய வழிகள் செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுதல்.

இந்தச் சமூகத்துக்கு அரசு ஆதரவோடு வந்த முதல் கூட்டு முயற்சி, காட்டுயிர்ப் பாதுகாப்பு என்ற வேறொரு நோக்கத்தின் உடன்விளைவு என்றே சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும், தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளரின் வருவாயைத் துண்டித்தன. 1978இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில், மாமல்லபுரத்துக்கு அருகே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை எடுத்து விற்று, உறுப்பினர்களுக்கே வருவாய் சேரும்படி அமைந்த சங்கம். 1986இல் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் தோன்றி மூலிகைத் தோட்டம், நாற்றங்கால் என்று பெண்களை மையமாக்கியது. இரண்டும் அன்றைய ஒருங்கிணைந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்பகுதியில் அமைந்தவை. பாலாற்றுப் பக்கம் கூட்டுறவு என்ற சொல் புழங்கிய அதே ஆண்டுகளில் வடக்கே செங்குன்றம் அரிசி ஆலைகளிலும் பொன்னேரிச் சூளைகளிலும் ‘முன்பணம்’ என்ற சொல்தான் ஆண்டது.

முன்பணம் வாங்கிய குடும்பம் அதைத் தீர்க்கும்வரை வெளியேற முடியாது. கணவன் பெயரில் கடன் இருக்கும், உழைப்பில் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்திருப்பார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கொத்தடிமை முறையை ஒழித்தது. 1978இல் மறுவாழ்வுக்கான நிதித் திட்டமும் வந்தது. விடுவிக்கப்பட்ட ஒருவருக்கு 4,000 ரூபாய். அது படிப்படியாக உயர்ந்து 2000இல் 20,000 ஆயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் கொத்தடிமையே இல்லை என்ற நிலைப்பாட்டை அரசு நெடுங்காலம் எடுத்துவந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 1995இல் தந்த அறிக்கையோ மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. அடிமையே இல்லை என்று சொல்லும் அலுவலகம் விடுதலைச் சான்று எப்படித் தரும்? சான்று இல்லையென்றால் நிதியும் இல்லை. திட்டம் ஏட்டில் இருந்தும் பணம் நகராததற்கு இதுவே முதல் காரணம்.

2016இல் மத்திய அரசு இத்திட்டத்தைத் திருத்தியபோது ஒரு புதுமை நிகழ்ந்தது. ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் சிறாருக்கும் இரண்டு லட்சம் என்று தொகை பிரிக்கப்பட்டது. பாலியல் சுரண்டலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களையும் சிறாரையும் உள்ளடக்கிய மிகக் கடுமையான நிலையினருக்கு மூன்று லட்சம். அந்தப் பட்டியலில் திருநர் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டனர். பழங்குடிப் பெண்ணையும் திருநரையும் அரசு மீண்டும் ஒரே ஆவணத்தில் சந்தித்தது. இம்முறை குற்றவாளியாக அல்ல, இழப்பீடு பெறுபவராக. மாற்றம் பெரியது. ஆனால் ஒரு முடிச்சையும் அத்திட்டமே போட்டது. முழுத் தொகை வேண்டுமானால் அடிமைப்படுத்தியவர் மீதான வழக்கில் தண்டனை உறுதியாக வேண்டும். உடனடி உதவி மட்டும் 20,000 ரூபாய் வரை கிடைக்கும். 2022 திருத்தத்தில் அது 30,000 ஆனது. சூளை உரிமையாளர் மீதான வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும் என்பது வட்டாரத்தில் யாருக்கும் தெரிந்ததே. அதுவரை குடும்பம் என்ன சாப்பிடும் என்ற கேள்விக்குத் திட்டத்தில் விடை இல்லை. அடுத்த சூளைக்காரரின் முன்பணமே விடையாகிவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

திருநங்கையரிடம் பொதுப்பணம் வந்து சேர்ந்த வழி வேறு: நோய். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தமிழ்நாட்டில்தான் முதலில் அமைந்தது. 1995இல் அமெரிக்க அரசின் நிதியுதவியோடு வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனை ‘ஏபேக்’ என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள், ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கையர் என்று ‘இலக்குக் குழுக்கள்’ வகுக்கப்பட்டன. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாகக் கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையைப் போன்ற சரக்கு வழிகள் இத்தகைய பணிக்கு இயல்பான களங்கள். இந்த நிதியின் நோக்கம் சமூகத்தின் நலம் அல்ல, தொற்று பரவாமல் தடுப்பது. இருந்தாலும் திருநங்கையருக்கு மாதச் சம்பளமும் அலுவலக நாற்காலியும் அமைப்பு நடத்திய அனுபவமும் முதலில் கிடைத்தது இதில்தான். பின்னாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு எழுதித் தந்து வாதாடியவர்களில் பலர் இந்தப் பள்ளியில் பயின்றவர்கள். ஒரு பாலினப் பெண் இணையர் எந்த இலக்குக் குழுவிலும் இல்லை. தொற்று ஆபத்து குறைவு என்பதால் பணமும் அவர்களை அண்டவில்லை.

திருநங்கையர் நலம் குறித்துத் தமிழ்நாடு அரசு இட்ட 2006 டிசம்பர் அரசாணையும் 2008 ஏப்ரல் 15இல் அமைந்த நல வாரியமும் நோயின் கணக்கிலிருந்து நலத்தின் கணக்குக்கு அவர்களை மாற்றின. இந்தியாவில் அதற்கு முன்மாதிரி கிடையாது. அடையாள அட்டை, குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாப் பாலின மாற்று அறுவை சிகிச்சை, சுயதொழிலுக்கு 50,000 ரூபாய் மானியம், 40 வயதைக் கடந்தோருக்கு மாத ஓய்வூதியம் என்று உதவிகள் வளர்ந்தன. ஓய்வூதியம் 2023இல் 1,500 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், திருநங்கையர் தலைமையிலான குடும்பங்களையும் குடும்பத் தலைவி வரையறைக்குள் கொண்டுவந்தது. பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021இலேயே வந்துவிட்டது. இவற்றுள் பேருந்துப் பயணமே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதற்குக் குழுவும் கூட்டமும் தேவையில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை அலைய வேண்டிய ஒருவருக்கு அது கைக்காசை மிச்சப்படுத்துகிறது.

மற்ற எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு பாலினத்தைத் தானே அறிவித்துக்கொள்ளும் உரிமையை ஏற்றது. திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டமோ மாவட்ட ஆட்சியர் தரும் சான்றை நடுவில் வைத்தது. பழங்குடியினர் பக்கத்திலும் இதே கதைதான். 1989 நவம்பருக்குப் பிறகு தமிழ்நாட்டில் பழங்குடிச் சாதிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது. கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் தர வேண்டும். போலிச் சான்றுகளைத் தடுக்க வந்த ஏற்பாடு, பிறப்புப் பதிவோ பள்ளி ஆவணமோ நிலமோ இல்லாத இருளரைத்தான் அதிகம் வாட்டியது. விடுதலைச் சான்று தருவதும் அதே கோட்ட அலுவலகம். கும்மிடிப்பூண்டி வட்டத்து இருளர் பெண் ஒருத்திக்குப் பொன்னேரியில் ஒரே கட்டடத்தில் ஒரு மேசை அவள் யார் என்று கேட்கிறது, இன்னொரு மேசை அவள் எதிலிருந்து தப்பி வந்தாள் என்று கேட்கிறது.

எப்போதாவது அந்த மேசைகள் வேகம் எடுப்பதும் உண்டு. 2021 நவம்பர் 2இல், இருளர் மீதான காவல்துறை வன்முறையைச் சொல்லும் ‘ஜெய் பீம்’ திரைப்படம் வெளியானது. இரண்டு நாளில் தீபாவளியன்று முதலமைச்சர் மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள பூஞ்சேரிக்குச் சென்று இருளருக்கும் நரிக்குறவருக்கும் பட்டாவும் சான்றும் வழங்கினார். அடுத்த ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்புக்கும் வந்தார். பல பத்தாண்டு மனுக்கள் செய்யாததை ஒரு படம் செய்ததாகப் பேசிக்கொண்டார்கள். நிர்வாக வரலாறு எழுதுபவர்களுக்கு இது பெருமைப்படும் செய்தியன்று.

இந்த வரிசையில் தனித்து நிற்பது 2022இல் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் கைகொடுத்து உருவான ‘சிறகுகள்’ செங்கல் சூளை. கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களே அதன் உரிமையாளர்கள். அவர்களிடம் இருந்த தொழிலறிவு செங்கல் அறுப்பது. வழக்கமான மறுவாழ்வுத் திட்டம் ஆடும் மாடும் வாங்கித் தந்து அந்த அறிவைக் கழித்துவிடும். இங்கே அதே மண், அதே அச்சு, ஆனால் மேஸ்திரி இல்லை. செய்த கல்லை அரசின் வீட்டுத் திட்டங்களே வாங்கிக்கொள்ளும் வழியும் இருந்தது. இழப்பீடு என்பது ஒருவர் கையில் வந்து தீர்ந்துவிடுவது; சூளை என்பது பலர் சேர்ந்தால்தான் எரிவது. 1978 பாம்புச் சங்கத்துக்குப் பிறகு இருளரின் சொந்தத் தொழிலறிவை முதலீடாக ஏற்ற அரசு முயற்சிகள் அரிது என்பதால் இதை நான் உயர்வாக மதிக்கிறேன். மாவட்ட அதிகாரிகளின் தனி அக்கறையில் பிறந்தது என்பது அதன் பலவீனமும்கூட. அதிகாரி மாறினாலும் தொடரும்படி நிதித் தலைப்பு ஒன்று அதற்கு வேண்டும்.

பெரிய தொகைகள் வேறு திசையில் செல்கின்றன. 2023 நவம்பர் 15இல் தொடங்கிய மத்திய அரசின் பி.எம். ஜன்மன் திட்டத்துக்கு 24,104 கோடி ரூபாய். நாட்டின் 75 நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுக்கானது. தமிழ்நாட்டின் ஆறு குழுக்களில் இருளரும் உண்டு. மாநில அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் ‘தொல்குடி’ திட்டத்தை நான்கு ஆண்டுகளுக்கு 1,000 கோடியில் அறிவித்தது. வீடு, சாலை, குடிநீர், விளக்கு: இவை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் இறால் தடவும் பெண்கள் சேர்ந்து ஏரியில் உரிமை கேட்கவோ, ஒரு சங்கம் கணக்கரை அமர்த்திக்கொள்ளவோ சாலைப் பணம் உதவாது. கனடா 2019இல் பால், பாலின சிறுபான்மையினர் அமைப்புகளின் நிர்வாகத் திறனை வளர்ப்பதற்கென்றே இரண்டு கோடி டாலர் ஒதுக்கியது. பூர்வகுடிகளின் சொந்தப் பாலின அடையாளங்களையும் அந்த நிதியின் பெயரே உள்ளடக்கியிருந்தது. நம் திட்டங்களில் அமைப்பை நடத்தும் செலவு என்பது தணிக்கையில் ஆட்சேபம் வாங்கித் தரும் வரி.

2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு திருநருக்கான மாநிலக் கொள்கையை வெளியிட்டது. திருநம்பியரையும் இடைப்பாலினரையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது முன்னேற்றம். ஒரு பால் ஈர்ப்புள்ளவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். 2018இல், ஒரு பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடி தளர்ந்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரு பால் பெண் இணையர் தொடுத்த சுஷ்மா வழக்கில் காவல்துறைத் தொல்லைக்கு எதிராக ஆணையிட்டார். ஆனால் அவர்களுக்கு அட்டை இல்லை, ஆகவே வாரியமும் இல்லை. அட்டை கேட்டால் அதுவும் இன்னொரு பதிவேடாகிவிடும் என்ற அவர்களின் தயக்கம், 1871ஐ அறிந்தவர்களுக்குப் புரியும்.

சூளையிலிருந்து மீண்ட இருளர் திருநங்கை ஒருவரைச் சட்டத்தின் கண்ணால் மட்டும் பார்ப்போம். வழக்கில் தண்டனை கிடைத்தால் வருவாய்த் துறை வழியாக மூன்று லட்சம். பழங்குடியினர் நலத் துறை வழியாக வீடு. சமூக நலத் துறை வழியாக 50,000 மானியம். மூன்று துறை, மூன்று சான்று, மூன்று வங்கி வரவு. மூன்றும் அவர் தனியாளாக நின்று பெறுபவை. தன்னைப் போன்ற நான்கு பேரோடு சேர்ந்து கேட்க அவருக்கு இருக்கும் வழி ஊரக வாழ்வாதார இயக்கத்தின் சுய உதவிக் குழு. அங்கே வழக்கமான குறைந்த அளவு பத்து உறுப்பினர். நலிந்தோரின் சிறப்புக் குழுக்களுக்கு மட்டும் ஐந்து பேர் போதும் என்று விதி தளர்த்தப்பட்டிருக்கிறது.