ஓலையிலிருந்து லெட்ஜருக்கு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளில் பராமரிப்புக்கென்றே ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். எந்த மோட்டாருக்கு எப்போது எண்ணெய் மாற்றினார்கள், எந்த வால்வு எத்தனை முறை கசிந்தது, யார் சரிசெய்தார் எல்லாம் அதில் இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து அதை மூட்டைகட்டிவிட்டுப் புதியதற்கு மாறுவார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதில்தான் சோறு. இயந்திரத்தின் எண், வாங்கிய தேதி, விலை இதெல்லாம் சமர்த்தாக இடம் மாறிவிடும். பாடாய்ப் படுத்துவது ‘குறிப்பு’ என்ற கட்டம். ‘மழைக்காலத்தில் இந்த பம்பை இரண்டு தடவை போட்டு அணைத்தால்தான் எடுக்கும்’ என்று எவரோ ஒரு வரி எழுதி வைத்திருப்பார். புதிய மென்பொருளில் அதற்கு இடமே இருக்காது. பட்டறை ஓடுவது என்னவோ அந்த வரியால்தான்.

செங்கல்பட்டுச் சீமைக்கே இப்படி ஒரு இடமாற்றம் நடந்திருக்கிறது. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். காஞ்சிபுரமும் அதற்குள் அடக்கம். கையில் வந்தது என்ன என்று கம்பெனிக்கே தெரியவில்லை. தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அனுப்பினார்கள். 1767 முதல் 1774 வரை அவர் சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். அளந்தது அவர் என்றாலும் தரவு ஊர்க் கணக்குப்பிள்ளைகளிடம்தான் இருந்தது, தமிழில், பனையோலையில். அதிலிருந்து ஆங்கிலத்தில் பேரேடுகள் தயாராயின. எத்தனை வீடு, எத்தனை காணி நஞ்சை, ஏரி எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, அதில் யார் யாருக்கு என்ன பங்கு?

அந்தப் பங்கு விவரம்தான் பொக்கிஷம். களத்தில் நெல் குவிந்ததும் அரசுக்கும் உழுதவனுக்கும் பிரிப்பதற்கு முன்பே பல கைகளுக்கு அளந்து வைப்பார்கள். தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியான், கோயில், கணக்குப்பிள்ளை, அப்புறம் ஏரி. இதற்கு மேரை என்று பெயர். சுதந்திரம் என்றும் சொன்னார்கள். நமக்குக் கொடியேற்றும் நாளை நினைவுபடுத்துகிற சொல், களத்துமேட்டில் ஒருவருக்குச் சேரவேண்டிய நெல்லைக் குறித்தது. ஏரி மேரை என்பது கரையையும் மதகையும் பழுது பார்க்க ஊர் தானே ஒதுக்கிவைத்த நிதி. மெட்ராஸில் யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு எழுதி முடித்த ஆறாம் வருடம் ஹைதர் அலியின் படை வந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்ததைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள், ஏரிகள் உடைந்து கிடந்தன. ஆக பர்னார்டின் பேரேடு, எங்கள் பாஷையில் சொன்னால், விபத்துக்கு முன் எடுத்த கடைசி பேக்கப்.

1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்த்தார். மதுராந்தகம் ஏரிக்கரையை ராமரும் லட்சுமணரும் காத்ததாகச் சொல்லும் கதையில் வருகிற துரை இவர்தான். ஆனால் அவருக்குப் பின், 1802இல் ஜாகீரை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். அது சரிப்பட்டு வரவில்லை, ரயத்துவாரி வந்தது. புதிய முறையின் கேள்வி ஒன்றே: இந்த நிலத்துக்கு யார் வரி கட்டுகிறார்? ஒரு நிலம், ஒரு பெயர், ஒரு தொகை. ஏரிக்கு அளந்த படி இந்தக் கட்டங்கள் எதிலும் பொருந்தவில்லை. பொருந்தாத பங்குகள் பலவும் காலப்போக்கில் வரிக்குள்ளேயே கரைந்துபோயின.

மராமத்துக்குப் பணம் இனி மேலிருந்து வரவேண்டும். வரும் பணம் போதவில்லை. ஊரார் வழக்கப்படி செய்யும் குடிமராமத்து நின்றுபோகிறது என்று அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. நெல்லை எடுத்துக்கொண்டு மண்வெட்டியை மட்டும் கேட்டால் யார் வருவார்கள்? 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று தொடங்கி, ஒவ்வொரு ஏரிக்கும் மறுபடி முதலிலிருந்து அளவெடுத்து ‘மெமாயர்’ எழுதினார்கள். கரை நீளம், கலங்கல் மட்டம், ஆயக்கட்டு என்று பொறியாளருக்குத் தேவையானதெல்லாம் அதில் கச்சிதமாக உண்டு.

பழைய முறை பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மேரையில் வெட்டியானுக்குக் கிடைத்த படிக்குப் பின்னால் அவர் மேல் சுமத்திய சாதிக் கட்டாயம் இருந்தது. ஓலையை வைத்திருந்த கணக்குப்பிள்ளை தனக்கு வேண்டியதை மறைத்தும் எழுதியிருக்கலாம். அந்தப் பரம்பரைப் பதவியை 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தபோது பலர் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். இருந்தாலும் ஒரு முறையை மாற்றும்போது, அது செய்துகொண்டிருந்த வேலைகளுக்கெல்லாம் மாற்று ஏற்பாடு உண்டா என்று கேட்பது பழைய முறைக்கு வக்காலத்து ஆகாது.

பர்னார்டின் பேரேடுகளை 1960களில் மெட்ராஸ் ஆவணக் காப்பகத்தில் தரம்பால் எடுத்துப் படித்தார். ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இருநூறு வருடத்துக்குப் பின் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிவது எங்கள் தொழிலில் யாருக்கும் வாய்க்காத அதிர்ஷ்டம்.

செவிலிமேடு பேரூராட்சி 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்தது. 2021இல் அதுவே மாநகராட்சி ஆனது. இரண்டு முறை பதிவேடுகள் கை மாறியிருக்கின்றன. ராமானுஜர் வரதருக்குத் தண்ணீர் சுமந்ததாகச் சொல்லும் சாலைக்கிணறு இங்கேதான் இருக்கிறது. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஏரிப்பாசன ஊர்கள் வரிசையாக வரும். இன்றைய விதிப்படி நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் ஏரி நீர்வளத் துறையுடையது, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தை இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் மணிமங்கலம் ஏரியில் தொடங்கினார்கள். இந்த முறை செலவில் பெரும்பகுதி அரசின் கணக்கில். களத்து நெல்லிலிருந்து ஏரிக்கு ஒரு படி அளப்பது மட்டும் திரும்பி வரவில்லை.